கறுப்பு வெள்ளைக் கிளி

இந்தப் பச்சை காய்ந்தால் கறுக்கும் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஈரத்தில் பார்த்தபோது வேப்பங்கொழுந்து மாதிரி இருந்தது, இப்போது பொம்மைக் கிளியின் இடது இறக்கை முழுக்கத் தண்ணீர்த்தொட்டிப் பாசி மாதிரி இறுகிக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்காக வருஷா வருஷம் நான் செய்த காகிதக்கூழ் மாம்பழம், வாழைப்பழம் எல்லாம் போஸ்டர் கலர். அது காய்ந்தால் வெளுக்கும், அதனால் கொஞ்சம் அழுத்தமாகவே கலப்பது கைக்குப் பழகிப் போயிற்று. கடையில் இருந்த பெண் அக்ரிலிக்தான்மா இப்ப எல்லாரும் வாங்குறாங்க என்று இந்த டியூபை எடுத்து நீட்டினாள், நானும் வாங்கி வந்துவிட்டேன். மறுபடி பூச வேண்டும். கொஞ்சம் மஞ்சள், ஒரு சொட்டு வெள்ளை. மறுபடி பூசினால் மறுபடி காய வேண்டும், தம்பி தனிசு வருவதற்குள் காய்ந்துவிடுமா, வெயில் பால்கனிக்கு வந்துவிட்டது, அங்கே கொண்டு வைக்கலாம், ஆனால் அங்கே புறா வரும். சமையலறைத் தொட்டியில் இவர் வஞ்சிரத் துண்டுகளை மஞ்சள் போட்டுக் கழுவுகிற சத்தம். ரெயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் கணவர் சவரிமுத்துவுக்குச் சமையல் பித்து பிடித்துவிட்டது, அதிலும் மீன் என்றால் என்னைப் பக்கத்தில் விடுவதில்லை. "பிலோமி, அது கிளியா கோழியா, ஒரு முடிவுக்கு வந்தியா?" என்று அங்கிருந்தே கேட்கிறார். கிளிதான் என்று சொன்னேன். "கிளின்னா பச்சை. இதுல என்ன இவ்வளவு யோசனை." அவருக்கு எல்லாமே அப்படித்தான். கிளி என்றால் பச்சை, மீன் என்றால் வஞ்சிரம், ஆபரேஷன் என்றால் சரியாகிவிடும். டாக்டர் சொல்லிட்டார்ல, எடுத்துட்டா ஒண்ணுமில்லன்னு. ஆமாம், சொன்னார். எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை. எதை எடுப்பது என்பதை மட்டும் இந்த வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. என் தம்பியின் குரல்வளையை. நாளைக் காலையில் முதல் கேஸ் அவன்தான், இன்றைக்குச் சாயங்காலம் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு முன்னால் இங்கே மத்தியானச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்குள் இந்தக் கிளி காய வேண்டும்.

கிளி என்றால் பச்சை என்று இவர் சொல்லிவிடலாம், ஏனென்றால் இவர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பொன்மலை ரெயில்வே காலனியில் இன்ஸ்டிடியூட் மைதானத்தில் வெள்ளைத் திரை கட்டி மாதம் ஒரு படம் போடுவார்கள். மண்ணில் உட்கார்ந்து பார்ப்போம். அம்மா ஒரு பழைய போர்வையை மடித்துக் கொண்டுவருவாள், நடுவில் அவள், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தம்பி தனிஸ்லாஸ். காற்றடித்தால் திரை உப்பும், கதாநாயகன் முகம் உப்பி வற்றும், பின்னால் ஷண்டிங் என்ஜின் கூவினால் வசனம் கேட்காது. அந்தப் படத்துக்குச் சரியான பேர் வேறு, காலனியில் எல்லாருக்கும் அது கிளிப் படம். ஒரு மந்திரி இளவரசியைக் கோபுரத்தில் அடைத்துவிடுகிறான், ஜன்னல் கம்பிக்கு ஒரு கிளி வரும், அவள் கேட்பாள், கிளியே, வெளியே என்ன சேதி? கிளி தலையை ஒரு பக்கம் சாய்த்து, மூக்கால் சொல்லும், சேதி உண்டு இளவரசி, சேதி உண்டு. பொம்மைக் கிளிதான். அலகு திறந்து மூடுவது நூல் கட்டி இழுப்பது, ஒரு காட்சியில் நூல் பளிச்சென்று தெரியும், காலனியே சிரிக்கும். அப்படிச் சிரித்த அதே ஜனம் மந்திரியின் ஆள் கிளியின் கழுத்தைப் பிடிக்கிறபோது மூச்சுக்காட்டாது. தனிசு அம்மாவின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொள்வான். "போயிட்டானா, போயிட்டானா" என்று உள்ளேயிருந்து கேட்பான். அம்மா "போயிட்டான்டா, வெளிய வா" என்பாள். என்ன சொன்னாள் என்பது இருக்கிறது. எப்படிச் சொன்னாள் என்பது என்னிடம் இல்லை. இதோ, மஞ்சள் அதிகமாகிவிட்டது, வாழைக்குருத்து மாதிரி ஆகிவிட்டது, இன்னும் துளி நீலம், ஆமாம், இப்படி, இறகு இறகாகப் போகாதே பிலோமி, ஒரே இழுப்பாக இழு.

படம் கறுப்பு வெள்ளை. அதுதான் சிக்கல். அந்தக் கிளிக்கு என்ன நிறம் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. நான் பச்சை என்று சொன்னேன், தனிசு பஞ்சவர்ணக்கிளி என்று சாதித்தான், வால் நீலம்க்கா, தலை சிவப்புக்கா, நான் பாத்தேன் என்று அழுவான். அவன் பிள்ளை ஜெரால்டு அந்தப் படத்தில் ஒரு துண்டை எங்கேயோ பிடித்து என் போனுக்கு அனுப்பியிருக்கிறான், மழை பெய்கிற மாதிரி கோடு கோடாக, அதில் கிளி வருவது மூன்று மூச்சு விடுகிற நேரம். நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் போன் கண்ணாடியெல்லாம் பச்சை. தலை வெளிர்சாம்பல், இறக்கை அதைவிட அழுத்தம், வால் இன்னும் அழுத்தம், அலகு கிட்டத்தட்டக் கறுப்பு. சிவப்பு நிறம் கறுப்பு வெள்ளைப் படத்தில் அப்படித்தான் விழும் என்பது நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது, பூசிய அலகை போனில் படம் எடுத்து, அந்தப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக மாற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அலகு சரியாக விழுந்தது. அப்படியே இறக்கையையும் பார்க்க வேண்டும், காயட்டும். ஒரு வாரமாக இதே வேலை. பழைய செய்தித்தாளைக் கிழித்து ஊறப்போட்டது, மைதாப் பசை காய்ச்சியது, பூச்சி அரிக்காமல் இருக்க வெந்தயம் அரைத்துச் சேர்த்தது, வீடே கசப்பாக மணத்தது, இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனியில் காபி குடித்தார், ஆனால் ஏன் செய்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன். அன்றைக்கு டாக்டர் அறையில் எனக்கும் தம்பி மனைவி பிரிசில்லாவுக்கும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, படம் வரைந்து காட்டினார், மூச்சு இனிமேல் இந்த வழி, கழுத்தில் ஒரு ஓட்டை, பழகிவிடலாம், பேச்சுக்கும் பயிற்சி இருக்கிறது, ஒரு கருவி இருக்கிறது, சில மாதத்தில் ஏதோ ஒரு குரல் வந்துவிடும் என்றார். ஏதோ ஒரு குரல். தனிசு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் காரியம் காகிதத்தை ஊறப்போட்டது. அதற்கு நான் காரணம் தேடவில்லை, கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

கழுத்துப் பட்டையை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். கிளிக்குக் கழுத்தில் கறுப்பு வளையம் உண்டு, அந்தப் படத் துண்டில் தெளிவாகத் தெரிகிறது, தொண்டையிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து மேலே போகிற ஒரே கோடு. நேற்றே போட்டிருக்கலாம். கறுப்பைத் தொட்டேன், மெல்லிய பிரஷ், தொண்டைக்குக் கொண்டுபோனேன், திரும்பி வந்து பிரஷைக் கழுவிவிட்டேன். அலகுக்கு இன்னொரு பூச்சு கொடுத்தேன். காலையில் பூசை முடிந்து வந்ததும் முதலில் அதைத்தான் என்று கோயிலிலேயே முடிவு செய்து வந்தேன், வந்து இறக்கையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கோடு. குழந்தைகளுக்குப் பலகையில் எத்தனை கோடு இழுத்திருப்பேன். அந்த இடத்தைப் பார்த்தாலே டாக்டர் காகிதத்தில் பேனாவால் இழுத்தது ஞாபகம் வருகிறது, இங்கிருந்து இங்கே என்று, நல்ல வளைவான கோடு, கை நடுங்காத மனுஷன், அது நல்லதுதான், நாளைக்கும் நடுங்காமல் இருக்கட்டும் மாதாவே.

போன் அடிக்கிறது. பிரிசில்லா. என் தம்பி மனைவி சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். "அண்ணி, இவரு அங்க வரலையாம். நேரா ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்ங்கறாரு. பெட்டி எடுத்து வச்சு செருப்பும் மாட்டிட்டாரு." அவனிடம் கொடு என்றேன். மூச்சுச் சத்தம் கேட்டது, பிறகு அந்தக் குரல், சொரசொரவென்று, தேங்காய் நாரை இழுக்கிற மாதிரி. "அக்கா, எனக்குச் சாப்பாடு இறங்காதுக்கா. ரெண்டு நாளா கஞ்சிதான். உனக்கு எதுக்கு வீண் சிரமம்." சிரமமெல்லாம் இல்லடா, மச்சான் மீன் வாங்கிட்டாரு, உனக்கு ரசத்துல குழைச்சுத் தர்றேன், முள்ளெடுத்துத் தர்றேன் என்றேன். உனக்கு ஒரு சாமான் காட்டணும் என்றேன். "என்ன சாமான்." வந்து பார் என்றேன். "பாக்கிறேன்" என்றான், வைத்துவிட்டான். தனிசு பார்க்கிறேன் என்று சொன்னால் பாதிக்குப் பாதி. வராவிட்டால் இது எதற்கு. வராவிட்டால் சாயங்காலம் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், அந்தக் கட்டிலில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, நர்ஸ் ஊசிக்கு நடுவில், தம்பி இதைப் பாரு என்று, சீ, அப்படி நான் காட்ட மாட்டேன். வலது இறக்கையை ஆரம்பித்துவிட்டேன். கை நிற்கக் கூடாது.

அவன் குரல் இப்படி இருந்ததில்லை. அந்தக் குரலுக்கு ஊரே பழக்கம், ஆளைத் தெரியாது, குரலைத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் டைம் ஆபீஸில் மைக் முன்னால் இருந்தவன். திண்டுக்கல் வண்டி புறப்படப் போகிறது, தஞ்சாவூர் வழி கும்பகோணம் போகிறவர்கள் பின்பக்கம் வரவும், யாரோ ஒரு குழந்தை சிவப்பு கவுன் போட்டது டைம் ஆபீஸில் இருக்கிறது, பெற்றவர்கள் உடனே வரவும். கல்யாணமாகிக் கரூரில் இருந்த வருஷங்களில் நான் பையோடும் பிள்ளையோடும் பஸ்ஸில் வந்து இறங்குவேன், புழுதி, டீசல், பூ விற்கிற சத்தம், எதையும் சரியாகப் பார்ப்பதற்கு முன்னால் தலைக்கு மேலே குழாயிலிருந்து தம்பி பேசிக்கொண்டிருப்பான். வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அப்போதே தோன்றிவிடும், வீடு இன்னும் எத்தனையோ தூரம் இருக்கும். ஒரு தடவை அவனிடம் சொல்லாமல் வெறுமனே தூணில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை. ஊர்ப் பெயர்களை அவன் சொல்கிறபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு மரியாதை இருக்கும், கடைசி எழுத்தை விழுங்க மாட்டான். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டான். பார்த்தவன் மைக்கிலேயே, "கரூரிலிருந்து வந்திருக்கும் பிலோமினா அவர்கள் டைம் ஆபீஸுக்கு வரவும், காபி ஆறுகிறது" என்றான். எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். யார் பிலோமினா என்று பக்கத்தில் நின்ற அம்மாளே என்னிடம் கேட்டாள், தெரியலையே என்று சொல்லிவிட்டு நடந்தேன். அப்புறம் பதிவு செய்த பெண் குரல் ஒன்று வந்தது, இவனை சீட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள், நான் கரூரிலிருந்து இங்கேயே வந்துவிட்டேன், அந்தக் குரலைத் தினமும் கேட்டேன், தினமும் கேட்பதை யார் கவனித்துக் கேட்கிறார்கள். இப்போது நினைத்து எடுக்கப் பார்க்கிறேன். காபி ஆறுகிறது. வார்த்தை வருகிறது, அதன் மேல் தேங்காய் நார் ஏறிக்கொள்கிறது. இதுதான் எனக்குப் பயம். அம்மாவுக்கும் இப்படித்தான் ஆயிற்று. அம்மாவின் கை எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவள் தலையில் தேய்க்கிற எண்ணெய், பல்லில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் தள்ளியிருப்பது, அதெல்லாம் இருக்கிறது. குரல் எந்த நாளில் போயிற்று என்றுகூடத் தெரியாது. ஒரு நாள் தேடினேன், இல்லை. அதனால்தான் போனில் பதிவு செய்வது எப்படி என்று ஜெரால்டிடம் கேட்டு வைத்திருக்கிறேன். சிவப்பு வட்டத்தைத் தொட்டால் போதுமாம். கிளியைக் காட்டினால் தனிசு தானாகவே மூக்கால் சொல்லிவிடுவான், சேதி உண்டு இளவரசி என்று. அவனால் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தக் குரல் தொண்டையிலிருந்து வருவதில்லை, மூக்கிலிருந்து வருவது, அதில் நார் ஏறியிருக்காது. இதைத்தான் நான் ஒரு வாரமாக, பசை காய்ச்சும்போதும், வடிவம் கட்டும்போதும், சுண்ணாம்புப் பொடி பூசி உப்புத்தாளால் தேய்க்கும்போதும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா காய்ச்சலில் போனபோது அவன் ஒன்றாம் வகுப்பு. நான் எட்டாவது. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்தவன் பேச்சை நிறுத்திவிட்டான். அழவுமில்லை. சோறு வைத்தால் தின்பான், குளிக்கச் சொன்னால் குளிப்பான், வாய் மட்டும் திறக்காது. அத்தைகள் வந்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், பங்குச்சாமியார் தலையில் கை வைத்தார், பள்ளிக்கூடத்தில் டீச்சர் முட்டி போட வைத்துப் பார்த்தாள். அப்பா பட்டறையிலிருந்து வந்து அவனைத் தோளைப் பிடித்து உலுக்குவார், பேசுடா, ஏதாவது பேசுடா என்று, பிறகு அவரே கிணற்றடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவுவார். ஒரு சாயங்காலம் நான் மண்ணெண்ணெய் அடுப்பில் திரி இழுத்துக்கொண்டிருந்தேன். அவன் கட்டிலுக்கு அடியில். அவனிடம் கேட்க வேண்டும் என்றுகூட இல்லை, வாய்க்கு வந்தது, கிளியே, வெளியே என்ன சேதி என்று சும்மா சொன்னேன். கட்டிலுக்கு அடியிலிருந்து மூக்கால் ஒரு குரல். "சேதி உண்டு இளவரசி. அம்மா இன்னும் வரலை." எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அந்தக் குரல் நின்றுவிடும் என்று தெரிந்தது, அது எப்படித் தெரிந்ததோ. அம்மா வரமாட்டாங்க கிளியே என்றேன். திரியை மறுபடி இழுத்தேன். பிறகு, "சரி இளவரசி" என்றது. அதற்கப்புறம், "பசிக்குது இளவரசி." அந்த வருஷம் பூராவும் அவன் கிளியாகத்தான் பேசினான். தனிசாகக் கேட்டால் பதில் வராது, கிளியாகக் கேட்டால் வரும். டீச்சர் அடிச்சாங்க இளவரசி. ராத்திரி கனவு வந்துச்சு இளவரசி. யாருக்கும் வளைந்து கொடுக்காத எங்கள் அப்பா, எண்ணெய்க் கறை பிடித்த காக்கிச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, ஒரு நாள், ரொம்ப வெட்கப்பட்டுக்கொண்டு, கிளி, என்ன சேதி என்று கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன். அது எப்போது நின்றது, எந்த நாளில் அவன் மறுபடி தனிசாகப் பேச ஆரம்பித்தான், அதுவும் ஞாபகம் இல்லை. நல்ல விஷயம் நடக்கிறபோது யாரும் தேதி பார்ப்பதில்லை.

வாசல் மணி. இவர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுகிறார். வந்துவிட்டான். பிரிசில்லாவின் குரல், பெட்டியைக் கீழே வைக்கிற சத்தம், செருப்பைக் கழற்றுகிற சத்தம். வலது இறக்கையில் இன்னும் ஈரம். மறைப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவன் மேஜைக்கு எதிரில் வந்து நின்றுவிட்டான். இளைத்திருக்கிறான். மேல் பட்டன் வரைக்கும் சட்டையைப் போட்டிருக்கிறான், வழக்கமாக இரண்டு பட்டன் திறந்தே இருக்கும். கிளியைப் பார்த்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, குனிந்து, மேஜை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பார்த்தான், மைதானத்தில் மண்ணில் உட்கார்ந்து பார்க்கிறபோது அது அப்படித்தானே தெரிந்திருக்கும். "பச்சைதானா கடைசியில" என்றான். வாலைப் பார் என்றேன். வால் நுனியில் நீலம் வைத்திருந்தேன், அவனுக்காகத்தான். சிரித்தான், சிரித்ததும் இருமல் வந்தது, பிரிசில்லா தண்ணீரை நீட்டினாள். மேஜைக்குக் கீழே என் கை போனைத் தேடியது. சிவப்பு வட்டம். தொட்டேனா, தொட்டுவிட்டேன், மடியில் குப்புற வைத்துக்கொண்டேன். கிளியே, வெளியே என்ன சேதி என்று கேட்டேன், எத்தனையோ வருஷம் கழித்து, என் குரலே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவன் வாயைத் திறந்தான். பிறகு என் மடியைப் பார்த்தான். "ரெக்கார்ட் பண்றியா?" பொய் சொல்ல வரவில்லை. ஆமாம் என்றேன். "வேணாம்க்கா. நிறுத்திடு." கோபமில்லாமல்தான் சொன்னான். "இது என் குரல் இல்ல. இது சீக்கோட குரல். இதை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போற." நான் நிறுத்தினேன். அழித்துவிட்டேன், அவன் பார்க்கும்படியே. ஒரு வாரமாக நான் கட்டிக்கொண்டிருந்தது அவ்வளவுதான், ஒரு விரல் தொட்டதில் போய்விட்டது. இவரும் பிரிசில்லாவும் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை எடுத்து வைக்கிற மாதிரி சத்தம் பண்ணினார்கள்.

"கழுத்துப் பட்டை எங்க?" என்றான் தனிசு. போடணும், காயட்டும் என்றேன். "கழுத்து காஞ்சுதானே இருக்கு." விரலால் தொட்டுப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, மெல்லிய பிரஷை எடுத்துக் கறுப்பில் தோய்த்து, ஓரத்தில் துடைத்து, கிளியை இடது கையில் பிடித்துக்கொண்டு தொண்டையில் வைத்தான். நான் பால்கனிப் பக்கம் பார்த்தேன். புறா ஒன்று கம்பிமேல் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தபோது கோடு இருந்தது, ஒரு பக்கம் கொஞ்சம் தடித்து, இன்னொரு பக்கம் மெலிந்து, ஆனால் முழுசாக. "இது இல்லாட்டி மைனா மாதிரி இருக்கும்" என்றான். கிளியை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. அவன் மெதுவாகப் பேச ஆரம்பித்தான், இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நின்று நின்று. "நேத்து படுத்துக்கிட்டு யோசிச்சேன்க்கா. அம்மா போனப்ப எனக்கு ஆறு வயசு, சரி. உனக்கு என்ன வயசு, பதிமூணா? எங்களுக்கு ஆக்கிப் போட்டுட்டு, அப்பா சட்டையைத் தோச்சுட்டு, என்னையும் கேட்டுக்கிட்டு இருந்த, என்ன சேதி, என்ன சேதின்னு. உன்னை யாராவது கேட்டோமா?" அதெல்லாம் எதுக்குடா இப்ப என்றேன். "இப்பத்தான் கேக்க முடியும். நாளையிலேர்ந்து கேக்க முடியாது." மேஜை விரிப்பில் பச்சைத் துளி ஒன்று இருந்தது, நகத்தால் சுரண்டினேன். அவன் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, இளவரசி மாதிரி இல்லை, மைக் முன்னால் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து, ஒவ்வொரு எழுத்தாக, கடைசி எழுத்தை விழுங்காமல் கேட்டான். "கிளியே, வெளியே என்ன சேதி?"

நான் கிளியாக இருந்ததே இல்லை. மூக்கால் பேச எனக்கு வராது, சின்ன வயதிலும் வராது, முயற்சி செய்தால் தும்மல் வரும். ஒன்றுமில்லை இளவரசி என்று சொல்லிவிடலாம். எல்லாம் நல்லபடியாக நடக்கும் இளவரசி என்று சொல்லலாம், இவர் சொல்கிற மாதிரி, டாக்டர் சொன்ன மாதிரி, நானே ஒரு வாரமாக பிரிசில்லாவிடமும் ஜெரால்டிடமும் சொல்லிக்கொண்டிருக்கிற மாதிரி. அவன் காத்துக்கொண்டிருந்தான். அவசரமில்லாமல், கண்ணை எடுக்காமல். சேதி உண்டு இளவரசி என்று ஆரம்பித்தேன், மூக்கிலும் வராமல் தொண்டையிலும் வராமல் நடுவில் எங்கேயோ உடைந்து ஒரு சத்தம் வந்தது, எனக்கே அடையாளம் தெரியாத சத்தம். சேதி உண்டு. எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு இளவரசி. சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கண்ணைத் துடைக்கத் துணி தேடினேன், எல்லாத் துணியிலும் பெயிண்ட். அவன் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான், இஸ்திரி போட்டு நாலாக மடித்த கைக்குட்டை, ஆஸ்பத்திரிக்கென்று எடுத்து வைத்தது. "எனக்கும்தான்க்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். சமையலறையில் சத்தம் நின்றிருந்தது. பிறகு இவர் எட்டிப் பார்த்து, "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா, இல்ல இன்னும் நேரமாகுமா?" என்று கேட்டார். தனிசு என்னைப் பார்த்துவிட்டு எழுந்து, கிளியை இரண்டு கையாலும் அலமாரிக்கு மேலே தூக்கி வைத்து, அதற்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாள்களை மடிக்க ஆரம்பித்தான். "எடுத்து வைங்க மச்சான்" என்றான். "எனக்கு ரசம் வேணாம். குழம்பே ஊத்துங்க."